கறி சுட்ட கம்பி

மாலை ஏழு மணிக்கு எந்த ஊர்க் கடைத்தெருவில் நடந்தாலும் இரண்டு பலகைகள் கண்ணில் படும். ஒன்று வெல்டிங் பட்டறை வாசலில்: ‘கேட், கிரில், ரோலிங் ஷட்டர் செய்து தரப்படும்’. நாலு கடை தள்ளி, புகையும் மசாலா வாசனையும் வரும் இடத்தில் இன்னொன்று: ‘கிரில் சிக்கன்’. முதல் கிரில் திருடன் உள்ளே வராமல் இருக்க. இரண்டாவது கிரில் வழிப்போக்கன் உள்ளே வர. திடீரென்று மின்சாரம் போய் இரண்டு கடையும் இருண்டுவிட்டால், மறுநாள் செய்தியில் ‘கிரிட் கோளாறு’ என்று மூன்றாவதாக ஒரு சொல் வரும். மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

அந்த வயிறு லத்தீன் மொழியினுடையது. ‘கிராதிஸ்’ என்றால் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி. ஆட்டுப்பட்டிக்கு வைக்கும் படலை நினைத்துக்கொண்டால் போதும். அதற்கே சிறுமைப் பொருள் தரும் விகுதியைச் சேர்த்து, அடுப்பின்மேல் வைத்து இறைச்சி சுடும் சிறிய சட்டத்துக்கு ‘கிராதிகுலா’ என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு மொழி வழியாக வந்த இந்தச் சொல் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை அடுப்பங்கரைக்கும் மறு கிளை ஜன்னலுக்கும் போனது. ஆங்கிலத்தில் தோசைக்கல் போன்ற தட்டைக் குறிக்கும் ‘கிரிடில்’ இந்தக் குடும்பம்தான். தணலைத் தாங்கும் கம்பித் தட்டான ‘கிரேட்’டும் இதே குடும்பம்தான்.

தமிழுக்கு இந்த உறவு ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியர் கப்பலில் ஒரு பங்காளி வந்து இறங்கிவிட்டது. அவர்கள் மொழியில் கம்பித் தடுப்புக்கு ‘கிராதெ’ என்று பெயர். அதுதான் நம் ‘கிராதி’. பழைய வீடுகளின் திண்ணையிலும் தேவாலயங்களின் பலிபீடத்துக்கு முன்னாலும் நிற்கும் மர அழியையும் இரும்பழியையும் பெரியவர்கள் கிராதி என்றே சொல்வார்கள். ஜன்னலும் போர்ச்சுக்கீசியச் சொல், அதில் பதித்த கிராதியும் போர்ச்சுக்கீசியச் சொல். பின்னாளில் ஆங்கிலம் வழியே ‘கிரில்’ வந்தபோது, கிராதி இருந்த இடத்திலேயே அதன் ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டுவந்து பொருத்தினோம்.

ஆங்கிலத்தில் ‘கிரிட்’ என்ற வடிவம் ஒரு கேட்புப் பிழையின் மிச்சம். இறைச்சி சுடும் சட்டத்தை இடைக்கால ஆங்கிலத்தில் ‘கிரெடிரெ’ என்றார்கள். பொருள் இரும்பால் ஆனது, சொல்லின் வாலும் இரும்பைக் குறிக்கும் ‘அயர்ன்’ போல ஒலித்தது. ஆகவே இரும்புதான் என்று முடிவுகட்டி ‘கிரிடயர்ன்’ ஆக்கிவிட்டார்கள். சென்னையில் ஹாமில்டன் பாலம் அம்பட்டன் வாராவதியாகி, அதை மறுபடி ஆங்கிலத்தில் பெயர்த்தபோது ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ ஆன கதையைச் சொல்வார்கள் அல்லவா, அந்த வகை. பிறகு யாரோ ஒட்டிய அந்த இரும்பு வாலை 19ஆம் நூற்றாண்டில் நறுக்கிவிட்டு, ‘கிரிட்’ என்று குறுக்கிக்கொண்டார்கள். அகராதியில் பொருள் சுருக்கமாக இருக்கிறது: ஒன்றையொன்று வெட்டும் கோடுகளின் அமைப்பு. தமிழில் கட்டம் என்றால் முடிந்தது.

முடிந்ததா என்றால் இல்லை. கறி சுடும் சட்டத்தையே பாருங்கள். கம்பிகள் இறைச்சியைத் தாங்குகின்றன. ஆனால் சுடுவது கம்பி அல்ல, கம்பிகளுக்கு நடுவே ஏறிவரும் அனல். கொழுப்பு கீழே சொட்டுவதும் அந்த இடைவெளி வழியாகத்தான். கம்பி, இடைவெளி, கம்பிகள் சந்திக்கும் முடிச்சு என்று ஒரு சட்டத்துக்குள் மூன்று உறுப்புகள் உண்டு. இந்தச் சொல்லைக் கடன் வாங்கிய ஒவ்வொரு துறையும் மூன்றையும் சேர்த்து வாங்கவில்லை. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது.

ஜான் ஹாரிசன் கம்பிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். தச்சராக வாழ்க்கையைத் தொடங்கி, கடலில் தீர்க்கரேகை காணும் கடிகாரத்தைச் செய்து புகழ்பெற்ற அதே ஹாரிசன். வெயிலில் ஊசல் நீண்டால் கடிகாரம் தாமதமாக ஓடும், குளிரில் சுருங்கினால் முந்தி ஓடும். 1726 வாக்கில் அவர் செய்த ஊசலில் எஃகுக் கம்பிகளும் பித்தளைக் கம்பிகளும் மாறி மாறி அடுத்தடுத்து நிற்கும். எஃகு நீண்டு குண்டைக் கீழே இறக்கும். அதைவிட அதிகமாக நீளும் பித்தளை, குறைந்த நீளத்திலேயே அதே அளவு மேலே தூக்கிவிடும். கடைசியில் ஊசலின் நீளம் மாறாது. பார்ப்பதற்குக் கறி சுடும் சட்டம் போலிருந்ததால் அதற்குப் பெயர் கிரிடயர்ன் ஊசல். அதில் வேலை செய்யும் கம்பிகள் எதுவும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கம்பிகளை எடுத்துக்கொண்டு இடைவெளியை வேண்டுமென்றே விட்டுவைத்த கதை சென்னைக்கு மிக அருகில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் கிடத்தினார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அங்குலம் பிசகாமல் அளப்பது நோக்கம். அந்த ஒரே கோட்டை அடித்தளமாக வைத்து, இரு முனையிலிருந்தும் தொலைவிலுள்ள ஓர் இடத்தின் கோணத்தைப் பார்த்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கத்தில் அடுத்த முக்கோணம். இப்படிக் கோணங்களை மட்டுமே பார்த்துக்கொண்டு ஒரு துணைக்கண்டத்தை அளந்துவிடலாம்.

குன்று இருக்கும் இடத்தில் இது எளிது. காவிரிச் சமவெளியில் ஏறிப் பார்க்க என்ன இருக்கிறது? கோயில் கோபுரங்கள்தான். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, கோணம் காட்டும் பெரிய வட்டம் வளைந்துபோனது. லாம்டன் ஆட்களை அனுப்பிவிட்டு, கூடாரத்தில் அடைந்து, ஆறு வாரம் உட்கார்ந்து நெளிவெடுத்தார். அதே கருவி பிறகும் வேலை செய்தது.

தீபகற்பத்தின் தெற்குப் பகுதியை லாம்டன் முக்கோணங்களால் வலைபோல மூடினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இதற்கு ஆகும் காலத்தையும் செலவையும் கணக்குப் பார்த்தார். முழு நாட்டையும் மூட வேண்டாம். தெற்கு வடக்காகச் சில முக்கோணத் தொடர்கள், கிழக்கு மேற்காகச் சில தொடர்கள், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைப் பிற்பாடு சாதாரண நில அளவையாளர்கள் நிரப்பிக்கொள்ளட்டும் என்றார். அளவைத் துறையில் இதற்கு வழங்கிய பெயர் ‘கிரிடயர்ன் முறை’. உறுதியான இரும்புச் சட்டத்தை முதலில் வார்த்துவிட்டால் உள்ளே எதை நிரப்பினாலும் பிழை பரவாது என்பது எண்ணம். இமயத்தின் அடிவாரத்தை ஒட்டி ஓடிய ஒரு கிடைமட்டத் தொடரிலிருந்துதான் ‘சிகரம் 15’ என்று குறித்து வைத்த ஒரு மலையின் கோணங்கள் எடுக்கப்பட்டன. கணக்குப் போட்டபோது அதுவே உலகின் உயரமான சிகரம் என்று தெரிந்தது. மலைக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். அவர் அதை அளக்கவில்லை, அவருடைய சட்டத்தின் ஒரு கம்பி அளந்தது.

இடைவெளியை மட்டுமே நம்பிய கருவி ஒன்றும் உண்டு. வீட்டில் வால்வு ரேடியோ இருந்த தலைமுறைக்கு அது பழக்கம். சுவிட்சைப் போட்டதும் பாடாது, உள்ளே இருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடேறிச் சிவக்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் குமிழுக்குள் சூடான கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். 1906இல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே நெளிநெளியாக மடித்த ஒரு மெல்லிய கம்பியைச் செருகினார். அது கிரிடயர்ன் சாயலில் இருந்ததால் ‘கிரிட்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எலக்ட்ரான்கள் கம்பியின் இடுக்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும். கம்பிக்குச் சிறிது எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் இடுக்குகள் அடைபட்டதுபோல ஆகி ஓட்டம் குறையும். அழுத்தத்தைத் தளர்த்தினால் கூடும். மதகின் பலகையை ஒரு கை ஏற்றி இறக்குவதுபோல, மிகச் சிறிய ஒரு சமிக்ஞை பெரிய மின்னோட்டத்தை ஆட்டிவைத்தது. தொலைவிலிருந்து வரும் மங்கிய வானொலி அலை ஊருக்கே கேட்கும் பாட்டாக மாறியது இந்த இடுக்குகளால். மின்னணுவியல் என்ற துறையே இங்கிருந்துதான் கிளம்பியது என்று சொன்னால் மிகையாகாது.

விளையாட்டுக்காரர்கள் கோடுகளின் தோற்றத்தோடு நின்றுவிட்டார்கள். குறுக்குக் கோடுகள் வரைந்த அமெரிக்கக் கால்பந்துத் திடலுக்கு கிரிடயர்ன் என்றே பெயர். கார் பந்தயத்தில் வண்டிகள் புறப்பட நிற்கும் இடமும் கிரிட்தான், அங்கே தரையில் முழுக் கட்டம்கூடக் கிடையாது.

சந்திக்கும் முடிச்சு எவ்வளவு பொல்லாதது என்று நியூயார்க் நகரம் கண்டுகொண்டது. 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி மன்ஹாட்டன் தீவை ஆணையர்கள் நீளவாக்கில் 12 பெருவழிகளாலும் குறுக்கே 155 தெருக்களாலும் கூறுபோட்டார்கள். குன்றா, ஓடையா, பண்ணையா என்று எதையும் பார்க்கவில்லை. மனை விற்க அதைவிட வசதியான வடிவம் இல்லை. ‘42ஆம் தெருவும் 5ஆம் பெருவழியும்’ என்று சொன்னால் ஊருக்குப் புதியவரும் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரு சந்திப்பில் முன்னால் இடமில்லாதபோதும் ஒரு கார் உள்ளே நுழைந்து நடுவில் நின்றுவிட்டால், குறுக்குத் தெருவின் வரிசை நகராது. அந்த வரிசை நீண்டு அடுத்த சந்திப்பை அடைக்கும். அது மூன்றாவதை, மூன்றாவது நான்காவதை அடைத்து, ஒரு சுற்று சுற்றி முதல் காரின் வழியையே மறித்துவிடும். இப்போது யாராலும் அசைய முடியாது. யாரும் பெரிய தவறு செய்ததாகவும் தெரியாது. 1980இல் நியூயார்க்கில் பேருந்தும் சுரங்க ரயிலும் 11 நாள் வேலைநிறுத்தத்தில் நின்றபோது, நகரப் போக்குவரத்துப் பொறியாளர் சாம் ஸ்வார்ட்ஸ் இந்த நிலையைக் குறிக்கும் ‘கிரிட்லாக்’ என்ற சொல்லை ஊரறியச் செய்தார். அதற்கு முன் அது பொறியாளர்களுக்குள் மட்டும் புழங்கிய சொல். இன்று நெரிசல் எங்கே இருந்தாலும், நேரான தெருவே இல்லாத ஊரில்கூட, ஆங்கிலச் செய்திகள் அதையே எழுதுகின்றன.

நிலப்படத்துக்குப் போனால் கோடு, முடிச்சு இரண்டும் பின்னால் போய், நடுவில் அடைபட்ட கட்டத்துக்கு மதிப்பு வருகிறது. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளின் வரைபடங்கள்மீது கட்டம் போட்டு எண்ணும் எழுத்தும் இட்டார்கள். ‘அந்த ஒற்றை மரத்துக்கு இடப்பக்கம்’ என்று பீரங்கிக்காரனுக்குச் சொல்ல முடியாது, மறுநாள் மரம் இருக்காது. இந்திய அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட ‘டிஜிபின்’ முகவரியும் இதே வித்தையின் புதுப்பதிப்பு. இந்தியாவை உள்ளடக்கிய ஒரு பெரிய சதுரத்தை 16 கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தோ எண்ணோ தருகிறார்கள். அந்தக் கட்டத்தை மறுபடி 16 ஆக, அதை மறுபடி 16 ஆக என்று பத்து முறை. பத்தாவது முறை முடியும்போது கட்டம் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டராகச் சுருங்கியிருக்கும். கதவு எண் இல்லாத குடிசைக்கும் நடுவயல் மோட்டார் கொட்டகைக்கும் பத்தெழுத்து முகவரி கிடைத்துவிடும்.

மின்சாரத்துக்கு இந்தப் பெயர் வந்தது பிரிட்டனில். 1920களில் அங்கே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன மின் நிலையங்கள், ஊருக்கொரு அழுத்தம், ஊருக்கொரு அதிர்வெண். பக்கத்து ஊரில் மிஞ்சிய மின்சாரம் இந்த ஊருக்கு உதவாது. நல்ல நிலையங்களைத் தேர்ந்து, அவற்றை உயரழுத்தப் பாதைகளால் இணைக்கும் யோசனை எழுந்தபோது, நாட்டின் வரைபடத்தின்மேல் போட்ட அந்தப் பாதைகளைப் பழைய சமையல் பெயராலேயே குறிப்பிட்டார்கள். 1926இல் சட்டம் வந்தது. 132 கிலோவோல்ட் பாதைகளைச் சுமந்த கோபுரங்கள் வயல்வெளிகளில் எழும்பின. ‘நேஷனல் கிரிட்’ என்ற பெயர் நிலைத்தது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் இதை மின்தொகுப்பு என்கின்றன. ஆங்கிலப் பெயரைவிட இது பொருத்தம் என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் உண்மையான மின்பாதைப் படத்தில் சதுரமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. சிலந்தி பாதியில் விட்டுப்போன வலைபோல இருக்கும். அங்கே முக்கியம் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பல வழி இருப்பது. அதோடு இன்னொன்று: தொகுப்பில் உள்ள எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். இந்தியாவில் அந்தத் தாளம் விநாடிக்கு 50 சுழற்சி. தேர் இழுப்பதுபோலத்தான். ஆயிரம் கைகள் ஒரே வடத்தைப் பிடித்திருக்கின்றன. சிலர் கையை விட்டால் தேர் மெதுவாகும், அதாவது அதிர்வெண் 50க்குக் கீழே இறங்கும். பாரம் திடீரென்று குறைந்தால் தேர் முன்னே பாயும்.

2012 ஜூலை 30 அதிகாலையில், மத்தியப் பிரதேசத்தின் பினாவிலிருந்து குவாலியர் போகும் ஒரு 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டது. பல வழி இருப்பதன் ஆபத்து அப்போது தெரிந்தது. ஒரு பாதை அடைபட்டால் மின்சாரம் யாரிடமும் கேட்காமல் அடுத்த கணமே மற்றப் பாதைகளில் பாயும். ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அவையும் தம்மைத் தாமே துண்டித்துக்கொள்ளும். வட மாநிலங்கள் இருண்டன. மறுநாள் மதியம் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று மண்டலங்களும் சேர்ந்து விழுந்தன. சுமார் 62 கோடி மக்கள் வாழும் பகுதி அது. ரயில்கள் நடுவழியில் நின்றன, சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் மேலே வர முடியாமல் காத்திருந்தார்கள்.

தென்னகம் தப்பியது. அப்போது தென் மண்டலம் மற்ற நான்கோடும் ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. நேர்மின்னோட்டப் பாதைகள் வழியாக மட்டும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அவற்றின் வழியே மின்சாரம் வரும், தாளத் தடுமாற்றம் வராது. தமிழ்நாட்டு வாசகருக்கு இதில் ஒரு கசப்பான வேடிக்கை உண்டு. அதே 2012இல் இங்கே நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு. வடக்கில் உபரி இருந்த நாள்களிலும் தேவையான அளவு இங்கே கொண்டுவர வழியில்லை. தொகுப்போடு முழுதாகச் சேராததால் அந்த இரண்டு நாள் பிழைத்தோம், சேராததால்தான் ஆண்டு முழுவதும் விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தோம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கும் அந்த வடத்தைப் பிடித்தது. முழு நாடும் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தது. 2020 ஏப்ரல் 5 இரவு நாட்டு மக்களை ஒன்பது நிமிடம் விளக்கணைக்கச் சொன்னபோது தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தும் இந்தத் தொகுப்பு தாங்கியது. பொறியாளர்கள் நீர்மின் நிலையங்களை மளமளவென்று இறக்கி, விளக்குகள் எரிந்ததும் மளமளவென்று ஏற்றினார்கள்.

இந்தப் பெயர்ப் பயணத்தில் கண்ணும் ஒருமுறை சிக்கியது. 1870இல் ஜெர்மானிய உடலியங்கியல் அறிஞர் லூடிமார் ஹெர்மன், ஒலி பற்றிய ஒரு புத்தகத்தில் வரிசையாக அச்சிட்ட கறுப்புச் சதுரப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுரங்களுக்கு நடுவே வெள்ளைச் சந்துகள். சந்துகள் கூடும் ஒவ்வொரு முக்கிலும் சாம்பல் நிறப் பொட்டு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அந்தப் பொட்டு மட்டும் மறைந்து மற்றவை மிஞ்சின. முக்கில் நாலு பக்கமும் வெளிச்சம் இருப்பதால் விழித்திரை நரம்பணுக்கள் ஒன்றையொன்று அதிகம் அடக்கி அங்கே மங்கல் காட்டுகின்றன என்று 1960இல் ஒரு விளக்கம் வந்து, பாடநூல்களிலும் ஏறிவிட்டது. அதன் காலை வாரியவர் ஹங்கேரியின் யானோஷ் கைர். சந்துகளின் ஓரத்தைச் சற்றே அலைபோல நெளித்தார், அவ்வளவுதான். முக்குகளில் வெளிச்சம் அதே அளவு இருந்தும் பொட்டுகள் காணாமல் போயின. ஆக, கோடு நேராக இருப்பதும் மூளைக்கு ஒரு செய்தி.

மூளைக்குள்ளேயே கட்டம் இருக்கிறது என்பது இன்னும் பிந்திய செய்தி. நார்வேயின் ட்ரான்ஹைம் நகரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் ஆகியோரின் ஆய்வகம் எலியின் மூளையில் எண்டோரைனல் கார்டெக்ஸ் என்ற பகுதியில் மின்முனைகளை வைத்து ஒற்றை நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவு செய்தது. எலி தரையில் ஓடும்போது ஒரு குறிப்பிட்ட நரம்பணு சில இடங்களில் மட்டும் துடித்தது. சிறிய பெட்டியில் அந்த இடங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தன. ஓடும் தளத்தைப் பெரிதாக்கியதும் ஒழுங்கு புலப்பட்டது: துடித்த இடங்களைப் புள்ளிகளாகக் குறித்தால் சம இடைவெளியில் முக்கோணம் முக்கோணமாக, ஆறு பக்கமும் விரியும் அணிவகுப்பு. 2005இல் அறிவித்தபோது அவற்றுக்கு ‘கிரிட் செல்’ என்று பெயரிட்டார்கள். எலி இடத்தை அறியும் இன்னொரு வகை நரம்பணுவை 1971இலேயே கண்டிருந்த ஜான் ஓ’கீஃபுடன் மோசர் தம்பதியும் 2014இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சதுரக் கட்டத்துக்குப் பழகியவர்களுக்கு இந்த வடிவம் விநோதமாகப் பட்டிருக்கலாம். மார்கழியில் வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு அப்படி இல்லை. நேர்ப்புள்ளி வைத்தால் சதுரம் வரும். ‘15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி’ என்று கோலப் புத்தகம் சொன்னால், ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடுக்கில் விழுந்து, ஓரங்களில் எட்டெட்டுப் புள்ளியோடு ஓர் அறுகோணம் விரியும். எலியின் நரம்பணு வைப்பது ஊடுபுள்ளி. கோடு ஒன்றுகூட இல்லை, புள்ளிகள் மட்டும்தான். விளக்கை அணைத்து அறையை இருட்டாக்கினாலும் அந்த நரம்பணுக்கள் அதே இடைவெளியில் துடித்துக்கொண்டிருந்தன, எலி தரையில் இறைத்திருந்த தின்பண்டத் துணுக்குகளைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.